ஏழுமலை அண்ணனின் லே-ஆஃப்

ஏழுமலை அண்ணன் போய்விட்டார். காலையில் பிள்ளைப்பாக்கத்தில் அவர் வீட்டிலிருந்து போன்...

1991-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்ன கம்பெனி. நானும் அவரும் தகடு அடிக்கும் ஒரே பிரஸ் மெஷின். அந்த வருஷம் ஆர்டர் இல்லை என்று லே-ஆஃப் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

யூனியன் வக்கீல் டீக்கடையில் வைத்து விளக்கினார். லே-ஆஃப் என்றால் இப்போதைக்கு வேலை இல்லை, ஆனால் பேர் ரோலில், அதாவது கம்பெனியின் ஆள் பட்டியலில், இருக்கும். ரிட்ரெஞ்ச்மென்ட் என்றால் ஆட்குறைப்பு... பேரே இருக்காது.

லே-ஆஃபில் இருப்பவன் தினமும் ஷிப்ட் நேரத்துக்கு கேட்டில் ஆஜராக வேண்டும். அப்போதுதான் பாதிச் சம்பளம். அண்ணன் யூனிஃபார்மை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வருவார்.

"இன்னாண்ணே, மெஷினே ஓடல, மாப்ள கணக்கா வர்றீங்க?"

"கூப்ட்டா உடனே உள்ள போவணும்ல."

கூப்பிடவில்லை. ரிட்ரெஞ்ச்மென்ட் ஆர்டர்தான் வந்தது. நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு செட்டில்மெண்ட் வாங்கிக்கொண்டோம். அவர் பேனாவையே தொடவில்லை.

"நான் சைன் பண்ணாதான என்னை அனுப்ப முடியும்? நான் லே-ஆஃப்லதாம்பா கீறேன்."

சட்டம் அப்படி இல்லை என்று வக்கீல் தலைபாடாய் அடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் கேட்டுக்குப் போனார். மெஷின்கள் லாரியேறிப் போய், வாட்ச்மேனும் போய், வெறும் பூட்டு தொங்கியபோதும்... போனார்.

ஒரகடத்தில் கம்பெனிகள் வந்தபோது நானே அவருக்காகச் சொல்லி வைத்தேன். "வேற எடத்துல சேந்தா இங்க பேரை அடிச்சிடுவாங்கப்பா" என்றார். "எங்கண்ணே கீது அந்த ரோலு?" என்று ரோட்டில் நின்று கத்திவிட்டேன். அவ்வளவு கோபம் எனக்கு. அவர் கையிலிருந்த டீயைக் குடித்தார்.

அண்ணிதான் கேன்டீனில் பாத்திரம் கழுவிக் குடும்பத்தை ஓட்டினார். பெண்ணின் கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் தன் பேருக்குக் கீழே அந்தக் கம்பெனி பேரைப் போட்டிருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

இன்று அஞ்சலி பேனர் அடிக்க வந்தவர் கேட்டார். "பேருக்குக் கீழ இன்னா போடணும்? ரிட்டயர்டா?"

அண்ணி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அவரு எங்க ரிட்டயர் ஆனாரு... லே-ஆஃப்ல கீறாருன்னு போடுப்பா."

பேனர்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது...

அதே யூனிஃபார்ம் சட்டையைத்தான் போட்டுவிட்டிருந்தார்கள். அயர்ன் பண்ணி.

போங்கண்ணே. நாளைக்குக் காலையில் கேட்டுக்குப் போக வேண்டியதில்லை.