ஊதா மருந்தால் வந்த தாமதம்

எங்கள் சபையில் நான் வாயைத் திறந்தாலே சிரிப்பதற்குத் தயாராகிவிடுவார்கள். அதனால்தான் போதகர் என்னைச் சாட்சி எழுதச் சொன்னபோது, "கொஞ்சம் அடக்கமா எழுதுங்க" என்றும் சேர்த்துச் சொன்னார். அடக்கமாகத்தான் எழுதுகிறேன். விஷயமே என் வாயைப் பற்றியதுதான்.

எழுபதுகளின் கடைசியிலும் நமுனுகுலைப் பக்கம் இதே தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தூள் செய்கிற ஆலையில், டீமேக்கராகத்தான் இருந்தேன். தூள் காய்ந்து வந்ததும் ஒவ்வொரு ரகத்திலும் வெந்நீர் ஊற்றிச் சாயம் இறக்கி, சூடாக ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்ப வேண்டும். பார்வைக்கு எல்லாத் தூளும் கறுப்புத்தான். ருசி பார்த்தால்தான் எது நல்லது, எது தீய்ந்தது என்று தெரியும். எனக்குச் சோறு போட்டது அந்த வாய். புண் வந்ததும் அதே வாயில்தான்.

முதலில் ரொட்டிக்குத் தொட்ட, மிளகாய் இடித்த கட்டச்சம்பல் எரிந்தது. சம்பல்தானே, எரியத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். பிறகு வெறுஞ்சோறு எரிந்தது. கன்னத்தின் உட்புறம் தோல் நனைந்த காகிதம்போல் உரிந்து வந்தது. ஈறு வெந்து சிவந்து கிடந்தது. ஸ்டோரில் சாயத்தை உறிஞ்ச முடியவில்லை. மூக்கால் மோந்துவிட்டு, ருசி பார்த்தவன்போல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

நான் வெற்றிலை போடுகிறவன். பக்கத்துத் தோட்டத்தில் என்னைப்போலவே வெற்றிலை போட்ட ஒரு கிளார்க்கர் வாயில் புற்று வந்து இறந்திருந்தார். எனக்குக் கணக்குச் சரியாகிவிட்டது. எந்த டாக்டரும் பார்ப்பதற்கு முன்பே நான் செத்துப்போனேன். அடக்க ஆராதனையில் என்ன பாட்டுப் பாடுவது என்று மனைவி செல்வமணிக்குச் சொல்லிவைத்தேன். இழுத்துப் பாடினால் ஆட்கள் தூங்கிவிடுவார்கள், விறுவிறுப்பாகப் பாடச் சொல் என்றும் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தோட்டத்தை நடத்திய பழைய வெள்ளைக்காரத் தொரை ஊருக்குப் போகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன கம்பளிக் கோட்டு ஒன்று இருந்தது. பனிக்காலத்தில் அந்தக் கோட்டுதான் எனக்குத் துணை. அதை, ஆட்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். "நான் போற எடத்துல குளிராது கங்காணி" என்றேன். எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் நிச்சயமாகச் சொல்லத் தெரிந்திராது.

தோட்டத்து டிஸ்பென்சர் ஐயாவிடம் காட்டினேன். எங்கள் டிஸ்பென்சரியில் எல்லாப் புண்ணுக்கும் ஒரே மருந்துதான். கொழுந்து கிள்ளுகிறவள் காலில் அட்டை கடித்த புண்ணானாலும், குழந்தைக்கு நாக்கு வெந்தாலும், ஈர்க்கில் பஞ்சு சுற்றி ஊதா மருந்தில் தோய்த்துப் பூசிவிடுவார். எனக்கும் பூசினார். கொஞ்சம் போத்தலில் ஊற்றி வீட்டுக்கும் கொடுத்தார். புண் ஆறவில்லை. பதுளையில் பல் டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

போகிற நாள் காலையில் செல்வமணி எனக்குச் சலவை வேட்டி எடுத்துவைத்தாள், தலைக்கு எண்ணெய் வைத்தாள், பிறகு ஊதா மருந்துப் போத்தலைக் கொண்டுவந்தாள். "பெரிய டாக்டர்கிட்ட போறோம். ஒண்ணும் பாக்காம விட்டுட்டாங்கன்னு அவரு நெனைக்கக் கூடாதுல்ல" என்று சொல்லி, கன்னம், ஈறு, நாக்கு என்று ஓர் இடம் விடாமல் பூசினாள். எங்கள் ஆட்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதும் கல்யாண வீட்டுக்குப் போவதும் ஒன்றுதான். உள்ளதைப் பூசிக்கொண்டுதான் போவோம். பஸ்ஸில் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டே போனேன். ஆண்டவரே, இன்றைக்கே முடிய வேண்டும், இதற்கு மேல் தாங்காது. இதுதான் என் ஜெபம் முழுவதும்.

பல் டாக்டர் இளவயதுக்காரர். டார்ச் அடித்துப் பார்த்தவர், டார்ச்சை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடியும் அடித்துப் பார்த்தார்.

"இத யாரு பூசுனது?" என்றார்.

நான் செல்வமணியைக் காட்டினேன். அவள் அங்கே இல்லாத டிஸ்பென்சர் ஐயாமேல் பழியைப் போட்டாள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். புண்ணின் ஓரத்தில் சின்னத் துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், ஆனால் எது புண், எது ஓரம் என்று இந்த ஊதாவில் தெரியவில்லை, ஒன்றும் பூசாமல் அடுத்த வாரம் வாருங்கள் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஆண்டவரோடு மனத்தாங்கலில் இருந்தேன். அவசரம் என்று கேட்டவனுக்கு அவர் தவணை கொடுத்துவிட்டார். செல்வமணி கேட்டாள்:

"நீங்க என்னான்னு ஜெபம் பண்ணுனீங்க?"

"இன்னைக்கே முடியணும்னு."

"எது முடியணும்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நான் அப்படிக் கேக்கல. இது என்ன நோவுன்னு சரியா தெரியணும்னு கேட்டேன். தெரிஞ்சாத்தானே வைத்தியம் பண்ணலாம்" என்றாள்.

அடுத்த வாரம் போனபோது பேராதனைப் பல் வைத்தியப் பள்ளியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். மாதத்தில் ஒரு நாள்தான் அவர் பதுளைக்கு வருவார் என்று அப்போதுதான் தெரிந்தது. புண்ணுக்குப் பக்கத்தில் நன்றாக இருந்த தோலை விரலால் மெல்லத் தேய்த்தார். அது வழுக்கிக்கொண்டு போனது. அவர் முகம் மாறியது. என் முகம் அதற்கும் முன்னாலேயே மாறியிருந்தது.

வாய்த்தோல் இப்படிச் சிவந்து உரிகிற நோய்கள் பல உண்டு, கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோல் இருக்கும், மருந்து மட்டும் வேறு வேறு என்றார். தூளைப் பார்த்து ரகம் சொல்ல முடியாது என்று தெரிந்தவன் நான், தலையாட்டினேன். விறைக்க ஊசி போட்டு இரண்டு துண்டு எடுத்தார். ஒன்று வழக்கமான மருந்துத் தண்ணீர் உள்ள போத்தலுக்குள் போனது. இன்னொன்றை உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றி, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்துத் தன்னோடு காரிலேயே கொண்டுபோனார். என் வாயில் ஒரு துண்டு என்னைவிடச் சொகுசாகப் பேராதனைக்குப் பயணம் போனது.

முடிவு வரும்வரை ஆறிப்போன கஞ்சிதான் சாப்பாடு. நான் ஜெபிக்கவில்லை. ஜெபித்தால் மறுபடியும் அவசரப்படுத்துவேன் என்று பயந்து, அந்த வேலையைச் செல்வமணியிடமே விட்டுவிட்டேன்.

டாக்டரம்மா மறுபடி வந்த நாளில் இருவரும் போனோம். கேன்சரா என்று கேட்டேன். இல்லை என்றார். நான் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்ல வாயெடுத்தேன்.

"இருங்க, ஒக்காருங்க. இதுவும் லேசுப்பட்டதில்ல. நம்ம ஒடம்பக் காக்குற காவக்காரனே தோலை ஒட்டி வச்சிருக்கிற பசையப் போயி அடிக்கிறான். அவன் எங்கெங்க ஒட்டியிருக்கான்னு காட்டுற ஒரு மருந்தை அந்த ரெண்டாவது துண்டுல ஊத்திப் பார்த்தோம். கோழிக்கூட்டுக் கம்பி வலை மாதிரி பச்சையா மினுங்குச்சு. அதுதான் அடையாளம். சும்மா விட்டா வாயோட நிக்காது, ஒடம்பெல்லாம் கொப்பளிக்கும், ஆளையும் கொண்டுபோயிரும். நல்லவேளை, மாத்திரை இருக்கு."

அப்புறம் அவர் சொன்ன ஒன்றுக்காகத்தான் நான் இதை எழுதுகிறேன். ஊதா பூசாமல் போய், முதல் முறையே துண்டு எடுத்திருந்தால், அது ஒரே துண்டாக அந்த மருந்துத் தண்ணீருக்குள்தான் போயிருக்கும். அதில் போட்டால் இந்த மினுக்கம் வராது. மேல்தோல் உரிந்துபோன துண்டாக இருந்தால் சாதாரணச் சோதனையில் வேறு நோய் என்றுகூடத் தோன்றியிருக்கும்.

டிஸ்பென்சர் ஐயாவுக்கு நன்றி சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"சொல்லுங்க. இனிமே பூச வேணாம்னும் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

மாத்திரை கேட்டது. புண் ஆறியது. ஆனால் அந்த மாத்திரைக்கு முகம் ஊதும். என் கன்னம் இரண்டும் வெலிமடைப் பூசணிக்காய்போல் ஆனது. பெரிய கங்காணி என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மேல போறேன்னு சொன்னீங்க, இப்ப பக்கவாட்டுலல்ல போறீங்க ஐயா" என்றார். மாத்திரையைக் குறைத்துக் குறைத்து வர நெடுநாள் பிடித்தது. வெற்றிலையை விட்டேன். ஸ்டோரில் மறுபடியும் சாயத்தை உறிஞ்சிய அன்று, தூள் தீய்ந்திருந்தது. அந்தத் தீய்ந்த ருசிக்கும் ஸ்தோத்திரம் சொன்னேன்.

ஆகவே சகோதரர்களே, இது என் ஜெபம் கேட்கப்பட்ட சாட்சி அல்ல. என் ஜெபம் கேட்கப்படாமல் போனதற்குத்தான் நான் நன்றி சொல்கிறேன். கேட்கப்பட்டது செல்வமணியின் ஜெபம். உங்களில் யாருக்காவது வாயிலோ வயிற்றிலோ பெயர் தெரியாத நோவு இருந்தால், பயந்து நீங்களே பெயர் வைக்காதீர்கள். டாக்டரிடம் போங்கள். போகும்போது ஒன்றும் பூசாதீர்கள். ஆண்டவரிடமும் பூசாமல் கேளுங்கள். எப்போது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். அவர் கைவிட மாட்டார்.

அந்தக் கம்பளிக் கோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் பிழைத்துக்கொண்டேன் என்று தெரிந்ததும் கங்காணி அதை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "நீங்கதான் போகலையே ஐயா" என்றார். போட்டுப் பார்த்தேன். ஊதிப்போன உடம்புக்குப் பொத்தான் எட்டவில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பிக் கொடுத்தேன். உடம்பு பழையபடி வற்றிய பிறகும் கேட்க மனம் வரவில்லை. இப்போதும் பனிக்காலத்தில், ஆட்களுக்கு வேலை பிரிக்கிற காலைப் பெரட்டுக்கு அவர் அதைப் போட்டுக்கொண்டுதான் வந்து நிற்கிறார். ஸ்டோர் வாசலில் நின்று பார்க்கிற எனக்குப் பல் கிட்டுகிறது. குளிர்கிறதே என்று ஒரு தரம் சந்தோஷப்பட்டுவிட்டு உள்ளே போகிறேன்.