கடைசிக் காட்சிக்கு முன்னால் நிறுத்துபவர்

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வடசென்னை எர்ணாவூரில் வரிசைகட்டிவிட்டால் ஷேர் ஆட்டோ நகராது. அப்படி மாட்டிக்கொண்ட ஒரு மாலையில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியின் செல்போனில் நானும் காதல் படம் பார்த்தேன். அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் கம்பெனி அட்டை, மூக்கில் சிவப்புக்கல்.

சேருவார்கள், பிரிவார்கள், மறுபடி சேருவார்கள். எல்லாக் காதல் படமும் இதே மூன்று பாகம்தான். நாயகி கோபித்துக்கொண்டு விமான நிலையத்துக்குக் கிளம்பியதும் அவர் படத்தை நிறுத்திவிட்டார். மறுநாளும் அவர் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. வேறு படம், அதே இடத்தில் நிறுத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கடைசில சேந்துடுவாங்கக்கா. அதப் பாக்காம ஏன் நிறுத்துறீங்க?”

அவர் வெளியே லாரிகளைக் காட்டினார். “இத்த தாண்டி எவன்மா வந்து சேருவான்? என்னிய இட்டுகினு போறேன்னு வந்தவன் இங்கதான் மாட்டிக்கினான். அவன் வர்றதுக்குள்ள இன்னொருத்தன் தாலி கட்டிட்டான்.”

சொல்லிவிட்டு அடுத்த படத்தை முதலிலிருந்து போட்டார். லாரிகள் நகரவில்லை.

இப்போதெல்லாம் எந்தப் படத்திலாவது நாயகன் கடைசியில் பைக்கில் பறந்தால், அந்தச் சாலை மட்டும் எப்படி அவ்வளவு காலியாகக் கிடக்கிறது என்று எரிச்சல்தான் வருகிறது.