ரேஷன் கார்டில் இருந்த பெயர்

அவிநாசியில் அந்த அம்மாவின் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். சட்டைப் பையில் காப்பீட்டு அட்டை. விழுந்துவிடுமோ என்று அடிக்கடி தொட்டுப் பார்த்தேன். அவருடைய கணவர் கோவை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நான் மேஸ்திரி என்று கூப்பிட்டவர்.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரிந்த நான், தொண்டாமுத்தூரில் ஒரு தென்னந்தோப்பில் லாரிக்குக் காய் ஏற்றிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி அங்கே மட்டை உரிப்பவர். அறுபத்தெட்டு வயது. மனைவியோடு சண்டை போட்டு வந்து பதினோரு வருடம். தோப்புச் சாளைக் குடிசையில் இருவரும் தங்கியிருந்தோம். அவருக்குச் சர்க்கரை உண்டு. காலையில் டீயும் பன்னும். நினைவு வந்தால் மாத்திரை. மரத்துப்போன பாதத்தில் புண் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. செருப்பில் ரத்தத்தைப் பார்த்து நான்தான் சொன்னேன்.

"உள்ளங்காலைப் பாக்கறதுக்கு எனக்கு ஆருங்கண்ணு இருக்கறாங்க" என்று சிரித்தார்.

ஆஸ்பத்திரியில், ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது, காப்பீட்டு அட்டையோடு சீக்கிரம் வந்தால் சரிசெய்யலாம் என்றார்கள். அவர் பெயர் இன்னும் மனைவியின் ரேஷன் கார்டில்தான் இருந்தது. அதை வைத்து வாங்கிய காப்பீட்டு அட்டையும் அந்த வீட்டில். பெயரை எடுத்துத் தனிக் கார்டு போடச் சொன்னேன்.

"எடுத்துப்போட்டா அப்பறம் ஒறவு ஏதுங்கண்ணு?"

"அப்ப அவங்ககிட்டயே கேளுங்க."

"நோவு வந்ததும் வந்து நிக்கறான்னு சொல்லுவா."

எடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. இரண்டு மாதம் போனது. விரல்கள் கறுத்து, காய்ச்சலில் பிதற்றத் தொடங்கியதும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவரிடம் சொல்லாமலே அவிநாசிக்குப் போனேன்.

அந்த அம்மா பீரோவைத் திறந்து அட்டையை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"பேரை எடுக்கோணும்னு மகன் சொன்னானுங்க. இருந்துபோட்டுப் போகட்டும்னு நாந்தான் உட்டுட்டேன். ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பனுங்க" என்றார். "நீங்க முன்னால போங்க. ரெண்டு துணி எடுத்துட்டு வாரேன்."

நான் போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். அன்றே எடுத்தார்கள்; அதற்கு அந்த அட்டை பயன்பட்டது.

சாயங்காலம் அந்த அம்மா வந்தார். மேஸ்திரியின் போர்வையை விலக்கி, மிச்சமிருந்த காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தார்.

இப்போது நான் நாற்பதைத் தாண்டிவிட்டேன். என் பெயர் எந்தக் கார்டிலும் இல்லை. குளித்ததும் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து என் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்கிறேன்.

அன்று அந்த அம்மா துணைக்கு இருந்ததால், கால் எடுத்த மறுநாள் காலை தோப்புக்குத் திரும்பினேன். உரிக்க ஆளில்லை, நிற்கிறாயா என்று தோட்டத்துக்காரர் கேட்டார். மேஸ்திரி மட்டை உரிக்கும் கடப்பாரை நட்டபடியே இருந்தது. இரண்டு காலையும் அகட்டி ஊன்றினால்தான் அந்த வேலை வரும். ஊன்றி, முதல் காயைக் குத்தக் குனிந்தபோது கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது.