சமையலறை வாசலில் கோட்டைச் சுவர்

ஆர்ச்சி பர்னெட்டுக்குச் சொந்தமாக ஒரு கோட்டை இருந்தது. கோட்டை என்றால் முக்கால் கோபுரம், அரைப் படிக்கட்டு, மிச்சமெல்லாம் காக்கை. "கோட்டையைக் காக்காய்க்கு இனாமா விட்டுட்டு, ஒழுகுற வீட்ல குடியிருக்கிற சீமான் நான் ஒருத்தன்தான்" என்று அவரே சொல்லிக்கொள்வார். எங்கள் ஊர் ட்ரம்கெல்டியில் அவரைக் கேலி செய்யப் போனவர்கள் எல்லாம் தோற்றுத்தான் திரும்பினார்கள். அந்த வேலையை அவர் முந்திக்கொண்டு செய்துவிடுவார்.

தொழில் ஆட்டுப் பண்ணை. எங்கள் பக்கத்தில் கோட்டைக் கல் இல்லாத வீடு கிடையாது. முன்னோர்கள் வெட்கமே இல்லாமல் வண்டி வண்டியாக அள்ளிவந்து கொட்டில் கட்டிக்கொண்டார்கள். பேரப்பிள்ளைகள் நாங்கள் இன்றைக்குப் பாரம்பரியம், பாரம்பரியம் என்று மார்தட்டுகிறோம்.

இடிபாட்டைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தபோது எல்லை குறிக்க அதிகாரிகள் வந்தார்கள். வெளிச்சுவர் எதுவரை போயிருக்கும் என்று ஆர்ச்சியிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டார்கள். பக்கத்துப் பண்ணை சாண்டி லீஸ்க்கும் அங்கே நின்றிருந்தான். அவன் வீட்டு நிலைக்கு மேலே கோட்டையின் சிங்கத் தலைக் கல் இருக்கிறது. அதை வைத்து அவன் அளந்த அளப்பு கொஞ்சமல்ல. ஆர்ச்சி விடுவாரா? கையை நீட்டினார். கோழிக்கூண்டைத் தாண்டி, தன் சமையலறை வாசல் வரை காட்டினார். "எங்க வீடே கோட்டைக்குள்ளதான்" என்றார். தரையிலும் ஏதோ மேடு தெரியவே, எல்லை அங்கேயே விழுந்தது. அந்த எல்லைக்குள் ஒரு கம்பி நடுவதற்கும் அனுமதி வாங்க வேண்டும் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

பல வருஷம் அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. போன பனிக்காலத்தில் அவர் மனைவி எல்ஸ்பெத் முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை முடிந்ததும் நகரத்தில் தங்கை மெக் வீட்டில் தங்கினாள். அங்கே லிஃப்ட் உண்டு. ஆர்ச்சி வீட்டு வாசலிலோ செங்குத்தான கல்படிகள். எல்ஸ்பெத் தொலைபேசியில் சொன்னாள்:

"வாசல்ல ஒரு சாய்வுப் பாதை கட்டு, வர்றேன். இல்லேன்னா இங்கயே இருந்துடறேன். மெக் எனக்குன்னு ஒரு அலமாரி ஒழிச்சுக் குடுத்துட்டா."

அலமாரி என்றதும் ஆர்ச்சிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அலமாரி வரை போய்விட்டால் அப்புறம் ஆளை மீட்க முடியாது. தனியாகச் சூப் காய்ச்சி, தனியாகக் குடித்து, "நல்லாத்தான் இருக்கு" என்று தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார் மனிதர்.

சிமெண்டுப் பாதை போட வாசலைத் தோண்ட வேண்டும். தோண்டக் கூடாது. தகவல் சொன்னதும் தொல்லியல் துறையிலிருந்து மோராக் என்ற பெண் வந்தாள்.

"ஏம்மா, அன்னைக்கு நான் சும்மா பீத்திக்கிட்டேன்மா," என்றார் ஆர்ச்சி. "இங்க சுவரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. லீஸ்க் மூஞ்சியப் பார்த்ததும் கை தானா நீண்டுடுச்சு."

"அப்ப சின்னதா ஒரு குழி போட்டுப் பார்த்துடலாம், மிஸ்டர் பர்னெட். ஒண்ணும் இல்லேன்னா எல்லையைத் தள்ளிப் போடச் சொல்லி எழுதறேன்."

முறைப்படி அனுமதி வாங்கிக் குழி போட்டார்கள். மோராக் சின்னக் கரண்டியால் மண்ணைச் சுரண்டச் சுரண்ட, ஒன்றும் இருக்கக் கூடாது ஆண்டவரே என்று ஆர்ச்சி பக்கத்தில் நின்றார். வேடிக்கை பார்க்க லீஸ்க்கும் வந்துவிட்டான். முழங்கால் ஆழத்தில் ஒரு கல் தெரிந்தது. அதை ஒட்டி இன்னொன்று. சுண்ணாம்புக் காரை போட்டுக் கட்டிய சுவர், ஓர் ஆள் தாராளமாகப் படுக்கும் அகலம். நேராகப் போய் அவர் வாசற்படிக்கு அடியில் நுழைந்தது.

மோராக்கின் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க காட்டினது ரொம்பச் சரி, மிஸ்டர் பர்னெட். அதே இடம்."

ஆர்ச்சி கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்தார். "ஆயுசுல ஒரே ஒரு தடவை சரியாச் சொல்லியிருக்கேன். அதுவும் புளுகும்போது."

லீஸ்க் தொப்பியைக் கழற்றினான். "என் சிங்கத் தலையெல்லாம் இதுக்கு முன்னாடி எந்த மூலைக்கு, கோட்டைக்காரரே."

எத்தனையோ வருஷமாக அவன் வாயிலிருந்து கேட்க ஏங்கிய வார்த்தை. ஆர்ச்சிக்கு அழுகைதான் வந்தது. வாசல் வரை கோட்டை, வீட்டுக்குள் ஆளில்லை.

மோராக் அவரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "மண்ணைக் கீறத்தான் கூடாது. மேல எதையாவது வைக்கலாம். ஆணி அடிக்காம, எப்ப வேணா எடுத்துடற மாதிரி. அதுக்கு அனுமதி நான் வாங்கித் தர்றேன்."

அப்படி ஆர்ச்சியிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஆடுகளை லாரியில் ஏற்றுகிற மரச் சாய்வு. குறுக்குச் சட்டம் அடித்தது, வழுக்காது. இரண்டு பக்கமும் தடுப்பு உண்டு, பிடித்துக்கொண்டே ஏறலாம். தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ஆட்டு வாடை போவேனா என்று அடம்பிடித்தது. அனுமதி வந்ததும் மூடிய குழிக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினார்.

எல்ஸ்பெத் தங்கையின் காரிலிருந்து இறங்கி, கைத்தடியை ஊன்றி நின்று பார்த்தாள். மோந்தும் பார்த்தாள். மெக் எஞ்சினை அணைக்கவே இல்லை.

"பெட்டியை இன்னும் இறக்கல, அக்கா. யோசிச்சுக்க," என்றாள்.

எல்ஸ்பெத் ஏறத் தொடங்கினாள். விழுந்தால் பிடிக்கக் கையை விரித்தபடி பின்னால் ஆர்ச்சி. பழக்க தோஷம், ஆடு ஓட்டுகிற "ஹோ, ஹோ" வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் பாதியில் நின்றாள். தொலைந்தேன் என்று நினைத்தார்.

"இதுல ஏறிப் போன ஆடு ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா, ஆர்ச்சி?" திரும்பாமலே கேட்டாள்.

"இல்ல," என்றார். "நீயும் திரும்பிப் போகாத."

அவள் அடுத்த குறுக்குச் சட்டத்தில் காலை வைத்தாள். அப்புறம், "மெக், பெட்டியை இறக்கு," என்றாள்.