கன்ட்ரோலர் எனக்குத்தாண்ணா!

இன்று ஆடுகோடியில் ஒரு கம்ப்யூட்டர் கடை.

"வயர்லெஸ் கேம் கன்ட்ரோலர் வேணும். என் கம்ப்யூட்டர்ல ப்ளூடூத் இல்ல, யுஎஸ்பி ரிசீவரோட குடுங்க" என்றேன்.

கடைக்காரர், ஸ்கூட்டர் சாவியோடு சும்மா நின்ற என் கணவரைப் பார்த்து, "பையனுக்கா சார்?" என்றார்.

"எனக்குத்தாண்ணா. நான்தான் விளையாடுறேன்."

"ரிசீவர்லாம் எதுக்கு சார்? ப்ளூடூத் மாடலே எடுங்க."

மறுபடியும் அவரிடமே!

ரிசீவர் உள்ளதை நானே தேடி எடுத்தேன். பணமும் என் போனிலிருந்துதான் போனது. வாரண்டி கார்டில் மட்டும் கடைக்காரர் என் கணவர் பெயரைக் கேட்டு எழுதிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த வாரண்டிக்காரர், அதாவது என் கணவர், கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "இதுல ஆன் பட்டன் எங்க இருக்கு?"

பழுதானால் அவரைத்தான் கடைக்குத் தனியாக அனுப்பப் போகிறேன். ரெண்டு சாரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்!