கைக்குட்டையில் மடித்த அப்பம்

துபாயில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவன் தங்கையின் கல்யாணத்துக்கு, அவனுக்குப் பதிலாகக் காஞ்சிரங்குளம் தேவாலயத்தில் நான் நின்றேன். வெள்ளறடையில் ஒரு இந்துக் குடும்பத்தில் பிறந்த நான் அதற்குமுன் தேவாலயத்துக்குள் கால் வைத்ததே இல்லை.

பூசையின் நடுவே எல்லோரும் எழுந்து வரிசையில் போனார்கள். தனியாக உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவோ என்று பயந்து நானும் போனேன். பாதிரியார் என் நாக்கில் மெல்லிய வெள்ளை அப்பம் ஒன்றை வைத்தார். கோயில் பிரசாதம்போல அம்மாவுக்கும் கொண்டுபோகத் தோன்றியது. இடத்துக்கு வந்ததும் அதை வாயிலிருந்து எடுத்துக் கைக்குட்டையில் மடித்தேன்.

"எலே, என்ன காரியம் செஞ்ச? அது ஆண்டவருக்க உடலாக்கும்!"

பாதிரியாருக்கு உதவியாக நின்ற உபதேசியார் என் கையைப் பிடித்தார். பாட்டு நின்றது. மணப்பெண் திரும்பிப் பார்த்தாள். என்னால் கல்யாணமே நின்றுவிடுமோ?

"நான் இந்துவாக்கும்... அம்மைக்குக் கொண்டு போவலாம்னு..." என்று திணறினேன்.

பாதிரியார் இறங்கி வந்தார். "பேடிக்காண்டாம் மக்கா" என்று என் பயத்தைத் தணித்தவர், என் கைக்குட்டையை விரித்து, எச்சில் பட்ட அந்த அப்பத்தை எடுத்துத் தாமே உண்டார். பிறகு பூசையைத் தொடர்ந்தார்.

கேரள நிலச் சட்டத்தில் நாங்கள் குடியிருந்த மண் எங்களுக்குச் சொந்தமாகும்வரை, நிலக்காரரான ஜன்மி வீட்டில் தீட்டுப் படக்கூடாதென்று தண்ணீரைக்கூட உயரத்திலிருந்துதான் எங்கள் கையில் ஊற்றுவார்கள். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது அம்மா நம்பவில்லை.

"உனக்க எச்சிலயா மக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

நானும் இன்றுவரை அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.