சஹனில் முதலில் உட்கார்ந்தவர்

எங்களையெல்லாம் நிரந்தரமாக்குவோம் என்று சேர் முதன்முதலாகச் சொன்னது, பாலாவிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் உப்புத் தொழிற்சாலையின் களஞ்சியத்தில், தேநீரும் ரோல்ஸும் கொடுத்த ஒரு பின்னேரம். யுத்தம் முடிந்து, பாதை திறந்து, மன்னார்ப் பக்கத்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக ஊர் பார்க்கப் போய் வந்துகொண்டிருந்த காலம் அது. உப்பைப் பையில் அடைத்துக் கட்டும் பகுதியில் வேலை செய்தவர்களில் பாதிக்கு மேல் எங்களைப் போல தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் ஊரை விட்டுத் துரத்தப்பட்டு வந்தவர்கள். நாங்கள் மொத்தமாகத் திரும்பிப் போய்விட்டால் வேலையை யார் செய்வது என்ற பயம் கம்பனிக்குப் பிடித்துவிட்டது. அதைப் பயம் என்று அவர்கள் சொல்லவில்லை. "நீங்க எல்லாரும் எங்கட குடும்பம். யாரும் அவசரப்பட்டுப் போக வேணாம். வாற வருஷம் எல்லாரையும் நிரந்தரமாக்குவோம்" என்றார் சேர்.

சேர் என்று நாங்கள் சொன்னது ஹாஜியாரின் மகனை. ஹாஜியார் அந்தத் தொழிற்சாலையைத் தொடங்கியவர். அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு, கொழும்பில் இருந்த மகன் வந்து கதிரையில் உட்கார்ந்தார். என்னைவிட வயது குறைந்தவர். குரலை உயர்த்தமாட்டார், யாரையும் ஏசமாட்டார், பெண் தொழிலாளர்களைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். கெட்ட மனிதர் என்று அவரை நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

நான் அந்தப் பகுதிக்கு மேற்பார்வையாளன். பெயர்தான் பெரிது, நானும் மற்றவர்களைப் போல ஒப்பந்த ஆள்தான்.

அந்தக் கிழமையே ஊரிலிருந்து நானா ஃபோனில் கோல் எடுத்தார். என் மூத்த சகோதரர், ஏற்கெனவே திரும்பிப் போனவர். இருபது வருஷத்துக் காடு எங்கள் வளவுக் காணியை மூடிக் கிடந்தது, அதை வெட்டிக்கொண்டிருக்கிறேன் என்றார். பள்ளிவாசல் நிர்வாகத்தார் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். வந்து அடுப்பு மூட்டி இருக்கிற குடும்பத்துக்குத்தான் வளவு, வராத ஆளின் பங்கை வந்த ஆளுக்குக் கொடுப்பது என்று. அதில் நியாயம் இருந்தது. இல்லாத ஆளுக்காக எத்தனை காலம் காட்டைக் காவல் காப்பது?

"மழைக்கு முந்தி வந்திருடா. தகரம் போட்டு ஒரு கொட்டில் அடிச்சாக் காணும். பங்கு நிக்கும்" என்றார் நானா.

"கம்பனியில நிரந்தரமாக்கப் போறாங்க நானா. இப்ப விட்டுட்டு வந்தா இவ்வளவு நாள் மாய்ஞ்சதெல்லாம் வீண்."

"யாரு சொன்ன?"

"சேரே சொன்னாரு. எல்லாருக்கும் முன்னால."

என் மனைவியும் எங்கள் ஊர்தான். ஆனால் கைப்பிள்ளையாக உம்மாவின் இடுப்பில் வந்தவள், அகதி முகாமில் வளர்ந்தவள். ஊரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் சொன்ன கதை. அவளிடம் கேட்டேன். "அந்தாள நம்பலாமா?" என்று மட்டும் திருப்பிக் கேட்டாள். ஹாஜியாரின் மகன் என்றேன். அந்தக் காலத்தில் அது போதுமான பதிலாக இருந்தது. மழை தொடங்கியபோது நான் நானாவுக்குக் கோல் எடுத்து, என் பங்கைத் தங்கச்சியின் புருஷனான மச்சானுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். நானா ஏசவில்லை. சரி என்றார். அடுத்த மாதமே மச்சான் குடும்பத்தோடு போய் அங்கே அடுப்பு மூட்டிவிட்டான்.

வாற வருஷம் வந்தது. நிரந்தரம் வரவில்லை. உப்பு விளைச்சல் சரியில்லை, அடுத்த பருவம் பார்ப்போம் என்றார்கள். அடுத்த பருவம் விளைச்சல் நன்றாக இருந்தது. பணிப்பாளர் சபை கூடவேண்டும் என்றார்கள். பிறகு பொதி கட்டும் இயந்திரம் ஒன்று வெளிநாட்டிலிருந்து வரப்போகிறது என்று கதை வந்தது. சேரிடம் கேட்டோம். இயந்திரம் வந்தாலும் ஒருவருக்கும் வேலை போகாது என்றார். அதைச் சொல்லும்போதும் நேராக முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் சொன்னதை அவரே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

எங்களில் யாரும் சண்டை பிடிக்கவில்லை. வேலை நிறுத்தம் என்ற பேச்சே எழவில்லை. பைகளைக் கொண்டுபோகும் பட்டி இறுகி நின்றால் முன்பெல்லாம் பெண்கள் கத்திக் கூப்பிடுவார்கள், ஃபிட்டர் ஓடி வருவான். இப்போது பட்டி நின்றால் அவர்களும் நின்றார்கள். யாராவது தானாகக் கண்டுபிடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பைகளின் வாய் தளர்ந்து கிடந்தது. மாதக் கூட்டத்தில் ஏதாவது குறை இருக்கா என்று சேர் கேட்பார், எல்லோரும் நிலத்தைப் பார்ப்பார்கள். மதுரங்குளியிலிருந்து வரும் ஒரு தாத்தா, எங்கள் பெண்களில் மூத்த அக்கா, ஒருமுறை எழுந்து, "சேர் சொன்னாச் சரி" என்றார். சேர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து அது எங்கள் வாய்ப்பாடாகிவிட்டது. மழை இருட்டிக்கொண்டு வந்தால், சேர் சொன்னா நிக்கும் என்பார்கள். பஸ் பிந்தினால், சேர்கிட்ட சொல்லுங்க, பஸ்ஸையும் நிரந்தரமாக்குவாரு என்பார்கள். சொல்கிறவர்கள் சிரிப்பதில்லை. கேட்கிறவர்களும் சிரிப்பதில்லை.

எனக்குள்ளும் அது புகுந்துவிட்டிருந்தது. வீட்டில் கூரைத் தகடு ஒன்று காற்றுக்குக் கிளம்பி அடித்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே பல நாள் படுத்துக் கிடந்தேன். கடைசியில் மனைவிதான் ஏறி ஆணி அடித்தாள்.

தொழிலாளர் மனம் நொந்திருக்கிறது என்று கொழும்பிலிருந்து வந்த யாரோ ஆராய்ந்து கண்டுபிடித்துச் சேருக்குச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் கேட்டிருந்தால் ஒரு தேநீருக்குச் சொல்லியிருப்பேன். அதன் பலனாக அந்த நோன்பில் சேர் ஒரு முடிவு எடுத்தார். ஹாஜியார் விழுந்த பிறகு நோன்பு காலத்தில் வாசலில் வைத்து புரியாணிப் பார்சல் கொடுப்பதுதான் வழக்கமாகியிருந்தது. இந்த முறை பழையபடி சஹன் சாப்பாடு, நானும் உங்களோடு இருந்து சாப்பிடுவேன் என்று அறிவித்தார்.

சஹன் எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. பாய் விரித்து, பெரிய தட்டத்தில் சோறும் கறியும் குவித்து நடுவில் வைத்தால், சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டத்தில் கை வைத்துச் சாப்பிடுவது. ஆறு பேர் சேரும்வரை அந்தத் தட்டத்தை யாரும் தொடமாட்டார்கள். ஒரு ஆள் குறைந்தால், ஒராள் வாங்க, ஒராள் வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இதில் விருந்து கொடுக்கிறவருக்கு ஒரு ஒழுங்கு உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர் முதலில் உட்காரமாட்டார். ஹாஜியார் ஆட்களுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பாய் பாயாகப் பார்த்துக்கொண்டு நடப்பார். எல்லாம் நிறைந்த பிறகு, எந்தச் சஹனில் ஆள் குறைகிறதோ அங்கே போய்ச் சாரனை மடித்துக்கொண்டு உட்காருவார். அது லொறிக்கு மூட்டை ஏற்றுகிறவர்களின் சஹனாகவும் இருக்கும், காவலாளிகளின் சஹனாகவும் இருக்கும். ஒரு வருஷம் எங்கள் சஹனில் குறைந்தது. அவர் உட்கார்ந்து, கோழியைப் பிய்த்து முதல் துண்டை என் பக்கம் தள்ளினார். நான் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை.

அன்று நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு வந்தபோது பாய்கள் விரித்துக் கிடந்தன. பெண்களுக்குப் பொதி கட்டும் மண்டபத்தில் வேறாக வைத்திருந்தார்கள். நாங்கள் உள்ளே நுழைந்தபோது சேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில், முதல் பாயில், முதல் ஆளாக, தொப்பி போட்டு, சம்மணம் கட்டி. எங்களைப் பார்த்துச் சிரித்து, வாங்க வாங்க என்று கையால் பாயைத் தட்டிக் காட்டினார். பெரிய மனிதர் என்ற எண்ணம் இல்லாமல் எல்லோருக்கும் முன்னால் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன் என்பது அவருடைய கணக்கு. மனதில் நல்ல எண்ணம்தான் இருந்தது.

ஆட்கள் பின்பக்கத்திலிருந்து உட்காரத் தொடங்கினார்கள். யாரும் பேசிவைத்துச் செய்யவில்லை, அதை என்னால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியும். மாம்புரிப் பெடியன்கள் ஒரு பாய், ஓட்டுநர்கள் ஒரு பாய் என்று நிறைந்தது. சிலாபத்திலிருந்து வரும் சிங்கள மனேஜர்கூட, எங்களைவிட நன்றாகச் சஹன் சாப்பிடப் பழகியவர், ஃபிட்டர்களோடு போய் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு பாயாக நிறைந்து முன்னுக்கு வந்து, சேருடைய பாய்க்கு வரும்போது ஆட்கள் முடிந்துவிட்டார்கள். கணக்காளர் மட்டும் அவர் பக்கத்தில் இருந்தார். பிறகு சேரின் காரோட்டி வந்தான், அவனுக்கு வேறு வழியில்லை.

தட்டம் ஆவி பறக்கக் கிடந்தது. மற்றப் பாய்களில் பிஸ்மி சொல்லிச் சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள். சேர் சிரித்த முகத்தை மாற்றவில்லை. யாரையாவது கூப்பிட வாயெடுத்தார், அவருக்குப் பெயர் வரவில்லை. அப்போதுதான் என்னைக் கண்டார். நான் தண்ணீர்ப் பானையடியில் நின்றிருந்தேன். போய் உட்கார்ந்தேன். இரக்கத்தால் போனேன் என்று சொல்லலாம், பயத்தால் என்றும் சொல்லலாம். உண்மையில் இரண்டும் இல்லை. கால் போனது, நானும் போனேன்.

நான்கு பேர், ஆறு பேருடைய சோறு. கணக்காளர் கோழியைப் பிரித்து வைத்தார்.

"ஏன் இந்தப் பக்கம் ஒருத்தரும் வரல்ல?" என்று சேர் மெதுவாகக் கேட்டார்.

"தெரிஞ்ச ஆக்களோட இருந்திருப்பாங்க சேர்."

"நான் வாப்பா செஞ்ச மாதிரித்தானே செய்யப் பாக்குறேன்."

உங்கள் வாப்பா கடைசியாகத்தான் உட்காருவார் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வசனம், சொன்னால் அவருக்கு விளங்கியிருக்கும். சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பட்டி நின்றதைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண்களைப் போல நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சேர், கதையை இலகுவாக்க நினைத்திருக்கவேண்டும், "நீங்க மன்னார்ப் பக்கந்தானே? அங்கத்த ஆக்கள் கனபேர் திரும்பப் போயிட்டாங்களாமே" என்றார்.

"ஓம் சேர். என்ட நானாவும் போயிட்டாரு."

"அப்ப நீங்க ஏன் போகல்ல?"

அவர் முகத்தைப் பார்த்தேன். நடிக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நீங்க நிரந்தரமாக்குறன் என்டு சொன்னீங்க சேர். இரிக்கச் சொன்னீங்க."

காரோட்டி சோற்றைப் பார்த்தான். கணக்காளர் இனிப்புக்கு வட்டிலப்பம் வருகிறதா என்று வாசலைப் பார்த்தார்.

"ஓ, அதுவா" என்றார் சேர். கையிலிருந்த கவளத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். "அது என்ட கையில மட்டும் இல்ல. பாப்போம், பாப்போம். ஆனா உண்மையச் சொன்னா, நான் ஒங்கட எடத்துல இருந்தா ஊருக்குப் போயிருப்பேன். சொந்த மண் தானே, அதுக்கு ஈடா எதுவும் ஈக்குதா?"

அன்பாகத்தான் சொன்னார். ஒரு நண்பனுக்குச் சொல்வது போல, குரலில் ஒரு கனிவோடு. எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. உப்பில் நாள் முழுக்க அளைந்த கை மரத்துப் போனால் வெட்டுப்பட்டாலும் தெரியாது, அந்த மாதிரி இருந்தது. "அச்சாறு எடுங்க சேர்" என்று கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் எடுத்தார்.

தராவீஹ் இரவுத் தொழுகைக்கு நிற்காமல் வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசல்படியில் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"சாப்பாடு எப்படி?"

"நல்லம். சேரோட ஒரே சஹன்ல இருந்தன்."

பின்னுகிற கை நின்றது. "நிரந்தரம் பத்தி ஏதும் சொன்னாரா?"

"நாங்க ஊருக்குப் போயிருக்கலாம் என்டாரு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "எந்த ஊருக்கு?" என்று கேட்டாள்.

குத்தலாகக் கேட்கவில்லை. நான் பேர் சொல்வேன், அது எங்கே என்று தெரிந்துகொள்ளலாம் என்பது போலக் கேட்டாள். என் பங்கில் மச்சான் அதற்குள் கல்வீட்டுக்கு அத்திவாரம் போட்டுவிட்டிருந்தான். அவள் மகளின் மற்றப் பின்னலை எடுத்தாள். அடுத்த நாள் காலை ஷிப்டுக்குப் போனேன். இப்போதும் அங்கேதான் போய்வருகிறேன், ஒப்பந்த ஆளாக.